கதவுல பேட்ச் வெல்டிங் வச்சதும் தகடு நெளிஞ்சு போச்சு, எடுக்க முடியுமா?

பத்மினி87, கோயமுத்தூர்

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. எங்கப்பா 1987ல வாங்குன பிரீமியர் பத்மினி பன்னெண்டு வருசமா ஷெட்டுல தார்ப்பாய் மூடி நின்னுட்டு இருந்துச்சு, இந்த வருசம் எப்படியாச்சும் ரோட்டுக்கு கொண்டு வந்துடணும்னு நானே இறங்கிட்டேன். இஞ்சின் வேலையை தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் முடிச்சு குடுத்துட்டார். பாடி வேலையை மட்டும் வெளிய குடுக்க மனசு வரலைங்க, ஏன்னா ரொம்ப நாளைக்கு முன்னாடி ஒரு கடையில விட்டப்போ டிரைவர் சைடு கதவு கீழ்ப்பக்கம் துரு பிடிச்ச இடத்தை வெட்டாமயே அது மேல அரை இஞ்சுக்கு பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சு குடுத்துட்டாங்க, இப்ப சுரண்டுனா பட்டியோட சேந்து தகடும் பொலபொலன்னு கொட்டுது.

சரின்னு துரு இருந்த இடத்தை கட்டிங் வீல்ல வெட்டி எடுத்தேன், 300க்கு 200 மி.மீ, நாலு மூலையும் நேரா சதுரமா. 20 கேஜ் (0.9 மி.மீ கனம்) சி.ஆர். ஷீட்ல அதே அளவுக்கு பேட்ச் வெட்டி வச்சு சிஓடூ வெல்டிங் போட்டேன். மெஷின் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர், 0.8 வயர், கேஸ் வெறும் சிஓடூ தான். நாலு மூலையில டேக் (சின்ன பொட்டு வெல்டு) வச்சுட்டு ஒரு மூலையில இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு இஞ்சா ஓட்டிட்டே சுத்தி வந்தேன், சூடு ஆகக்கூடாதுன்னு ஒவ்வொரு இஞ்சுக்கும் ஈரத்துணி வச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆத்திட்டே தான் போனேன்.

பாதி சுத்து வரைக்கும் ஒண்ணும் தெரியலை. முழுசா முடிச்சுட்டு நிமிந்து பாத்தா பேட்ச் நடுவுல உப்பிட்டு நிக்குது, அதுக்கு மேல பழைய தகடும் அலை அலையா போயிருக்கு. கட்டைவிரல்ல அமுக்குனா டொப்புன்னு உள்ள போகுது, பக்கத்துல இன்னொரு இடம் டொப்புன்னு வெளிய வருது, பிஸ்கட் டப்பா மூடி மாதிரி. அப்புறம் ஒரு வீடியோவுல பாத்துட்டு உப்புன இடத்துல கேஸ் டார்ச் வச்சு சிவக்க காய்ச்சி ஈரத்துணி வச்சு சுருக்கலாம்னு ஒரு அஞ்சு பாயிண்ட் வச்சேன், அது போய் இன்னும் மோசமாயிடுச்சு, இப்ப நெளிவு கதவு கைப்பிடி வரைக்கும் ஏறிடுச்சு.

வேற கதவு தேடிப் பாத்தேன், கிடைக்கிறதெல்லாம் இதை விட துருவா இருக்குது. அதுவும் போக இது அப்பா கை வச்சு வச்சு தேஞ்ச கதவு, மாத்த மனசில்லைங்க. இதை நேர் பண்ண வழி இருக்கா? பின்னாடி ரெண்டு பக்க பெண்டர் கீழ்ப்பக்கம், பூட் (டிக்கி) தரை எல்லாம் இன்னும் பாக்கி இருக்கு, அங்கயும் இப்படி ஆகாம என்ன பண்ணணும்னு தெரிஞ்சவங்க சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

டிங்கர்கடை, ஈரோடு

தம்பி, கதவை தூக்கிப் போட வேண்டியதில்லை. நான் இருபத்தெட்டு வருசமா டிங்கர் வேலை பாக்குறேன், இதே மாதிரி நெளிஞ்ச தகடு வாரத்துக்கு ஒண்ணாச்சும் கடைக்கு வரும், எல்லாத்துலயும் ஒரே தப்பு தான் நடந்திருக்கும். உப்பின இடத்தை தான் எல்லாரும் பாக்குறாங்க. உப்பின இடத்துல எந்த குத்தமும் இல்லை. குத்தம் இருக்கிறது வெல்டிங் கோட்டுல.

பாவாடை நாடாவை நினைச்சுப் பாருங்க. நாடாவை இழுத்தா துணி கொசகொசன்னு மடிப்பு விழுது, அதுக்காக துணி அதிகமா இருக்குதுன்னு யாராவது கத்தரி எடுப்பாங்களா, நாடாவை தளர்த்துனா துணி தானா நேராகிடும். உங்க கதவுல வெல்டிங் கோடு தான் நாடா. அது சுருங்கிப் போச்சு, சுத்தி இருக்கிற தகடு பழைய அளவுலயே இருக்கு, எங்கயும் போக வழியில்லாம வெளிய பிதுங்கி நிக்குது. நீங்க டார்ச் வச்சு அந்த பிதுங்கின இடத்தையும் சுருக்கிட்டீங்க, அதாவது துணியையும் வெட்டியாச்சு. அதனால தான் நெளிவு கைப்பிடி வரைக்கும் போனது.

ஏன் சுருங்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். இரும்பு 1 மீட்டர் நீளம் 100 டிகிரி சூடானா 1.2 மி.மீ நீளும். வெல்டிங் வைக்கிற இடம் 1500 டிகிரி கிட்ட போய் உருகுது, பக்கத்துல ஒரு விரல் தள்ளி தகடு ஜில்லுன்னு இருக்கு. சூடான பகுதி நீள பாக்குது, ஜில்லுன்னு இருக்கிற தகடு விடமாட்டேங்குது, 600 டிகிரியில எல்லாம் இரும்போட பலம் பாதிக்கும் கீழ போயிடும், அதனால அது நீள முடியாம தன்னைத் தானே அமுக்கிக்கிட்டு தடிச்சுப் போகும். அப்புறம் ஆறும்போது சுருங்குது பாருங்க, அதை தடுக்க ஆள் இல்லை, முதல்ல இருந்த அளவை விட கம்மியா போய் நிக்கும். சூட்டுல உப்புது, ஆறுனா சரியாயிடும்னு நினைக்கிறாங்க, உண்மையில ஆறும்போது தான் நெளிவே வருது.

எவ்வளவு சுருங்கினா இவ்வளவு உப்பும்னு கேப்பீங்க. 300 மி.மீ நீளத்துல வெறும் 0.3 மி.மீ சுருங்கினா போதும், நடுவுல 5 மி.மீக்கு மேலயே வில்லு மாதிரி தூக்கிடும். அதனால உங்க கதவுல நாம திருப்பி எடுக்க வேண்டியது முடி கனம் தான். பயப்படாதீங்க.

எடுக்கிற விதம் சொல்றேன். முதல்ல வெல்டிங் மேட்டை ரெண்டு பக்கமும் தகடு மட்டத்துக்கு கிரைண்டிங் அடிச்சு எடுங்க, உள்பக்கம் கை போற இடம் வரைக்கும் கட்டாயம், மேடு இருந்தா சுத்தியல் அடி அது மேல தான் விழும், தகடு விரியாது. கண்ணாடியை, உள் அட்டையை எல்லாம் கழட்டிட்டு பின்னாடி டாலியை (கையில பிடிக்கிற இரும்புக் கட்டை) வெல்டிங் கோட்டுக்கு நேரா வச்சு இறுக்கி பிடிச்சுக்கிட்டு முன்னாடி தட்டை முகம் உள்ள டிங்கர் சுத்தியால அதே கோட்டு மேல தட்டணும். டாலி மேல சரியா விழுந்தா கணீர்னு சத்தம் வரும், தவறி பக்கத்துல விழுந்தா மொத்துன்னு சத்தம் வரும், காது தான் உங்களுக்கு வாத்தியார். வேகமா அடிக்க வேண்டாம், சின்ன அடியா நிறைய. கோட்டுல இருந்து ரெண்டு பக்கமும் 10, 15 மி.மீ அகலத்துக்கு மேல போகாதீங்க. உப்பின இடத்தை தொடவே கூடாது, கை அரிக்கும், தொடாதீங்க. ஒவ்வொரு பக்கமும் நடுவுல ஆரம்பிச்சு மூலையை பாத்து போங்க, ஒரு சுத்து முடிஞ்சதும் உள்ளங்கையை விரிச்சு தடவிப் பாருங்க. நீங்க டார்ச் வச்ச அஞ்சு புள்ளியையும் அதே மாதிரி டாலி மேல வச்சு தட்டி விரிக்கணும். டொப்பு டொப்பு சத்தம் நின்ன உடனே சுத்தியை கீழ வச்சுடணும், அதுக்கு மேல ஒரு அடி போனா அப்புறம் நிஜமாவே தகடு அதிகமாயிடும், அப்ப தான் சுருக்குற வேலை வரும்.

இனிமே வராம இருக்க முக்கியமா வெட்டுற இடத்தை யோசிங்க. கதவு நடுவுல தட்டையா இருக்கிற இடத்துல கோடு விழவே கூடாது. பாடி லைன், மடிப்பு, ஓரம், இது பக்கத்துல கொண்டு போங்க, அங்க தகடு தானாவே விறைப்பா இருக்கும், சுருங்கினாலும் நெளியாது. துரு சின்னதா இருந்தாலும் பேட்ச் பெருசா வெட்டி கோட்டை மடிப்பு வரைக்கும் கொண்டு போறது எவ்வளவோ மேல். மூலையை சதுரமா வெட்டாதீங்க, ஒரு இஞ்ச் வளைவு குடுங்க, சதுர மூலையில ரெண்டு பக்க சூடும் ஒரே புள்ளியில சேந்து இழுக்கும்.

அப்புறம் பொருத்தம். பேட்ச் சுத்தி இடைவெளி ஒரே மாதிரி வயர் கனம் அளவுக்கு, அதாவது முக்கால் மி.மீ போல இருக்கணும். ஒரு இடத்துல ஒட்டி ஒரு இடத்துல 2 மி.மீ இருந்தா அந்த 2 மி.மீயை ரொப்பறதுக்கே சூடு ஏத்திடுவீங்க. ஃபைல் போட்டு உக்காந்து பொருத்துங்க, நான் வெல்டிங் வைக்கிறதை விட பொருத்தறதுக்கு தான் அதிக நேரம் எடுத்துக்குவேன்.

டேக் வைக்கும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல ஒண்ணு, அப்புறம் எதிர்ப்பக்கம் போய் ஒண்ணு, அப்புறம் பாதிக்கு பாதி நடுவுல, இப்படியே போய் ஒரு இஞ்சுக்கு ஒரு பாயிண்ட் வர்ற வரைக்கும். ஒரு பாயிண்ட்டுன்னா டிரிக்கரை ஒரு செகண்டுக்குள்ள விட்டுடணும். கையை வச்சா சுடக்கூடாது, சுட்டா அந்தப் பக்கமே போகக்கூடாது. ஒவ்வொரு பாயிண்ட்டையும் அப்பவே மட்டம் பண்ணி டாலி வச்சு ரெண்டு தட்டு தட்டிட்டு தான் அடுத்தது. நாடா இறுகவே விடக்கூடாது, இறுக இறுக அப்பப்ப தளர்த்திட்டே போகணும். அப்புறம் நடுவுல நடுவுல பாயிண்ட் வச்சு அதையே ஒண்ணோட ஒண்ணு சேத்து மூடிடணும். இழுத்து ஓட்டுற வேலையே கிடையாது. 300 மி.மீ கோட்டுக்கு அரை நாள் ஆகும், ஆகட்டும்.

கிரைண்டிங்கும் சூடு தான், அதை யாரும் சொல்றதில்லை. 60 நம்பர் ஃப்ளாப் டிஸ்க் போட்டு ஒரே இடத்துல வச்சு அழுத்தினா தகடு நீலம் பாஞ்சுடும், நீலம் வந்தா அங்கயும் சுருங்கியாச்சுன்னு அர்த்தம். ரெண்டு செகண்ட் தொட்டு எடுத்து வேற பாயிண்ட்டுக்கு போங்க.

ஆர்கான்வெல்டர், ஓசூர்

ஈரோடு அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, நாடா உவமையை நான் எங்க பசங்களுக்கும் சொல்லப் போறேன். நான் வெல்டிங் பக்கத்துல இருந்து ரெண்டு மூணு விஷயம் சேக்குறேன்.

முதல்ல அந்த ஈரத்துணி. அதை விட்டுடுங்க ப்ரோ. சிவப்பா இருக்கும்போதே தண்ணி பட்டா சுருக்கம் கூடத் தான் செய்யும். நீங்க டார்ச் வச்சு சுருக்குனீங்களே, காய்ச்சி ஈரத்துணி வைக்கிறது, அதே வேலையை தான் வெல்டிங் கோடு பூரா ஒவ்வொரு இஞ்சுக்கும் செஞ்சிருக்கீங்க. தானா ஆற விடுங்க, அவசரம்னா சிவப்பு போய் கருப்பான அப்புறம் கம்ப்ரஸர் காத்து அடிங்க. அதை விட நல்லது பின்னாடி காப்பர் பட்டையை கிளாம்ப் போட்டு பிடிக்கிறது, பழைய ஏசி காப்பர் பைப்பை தட்டி தட்டையாக்கினாலே போதும். இரும்பை விட பல மடங்கு வேகமா காப்பர் சூட்டை இழுத்துக்கும், வெல்டும் அதுல ஒட்டாது, ஓட்டை விழாமயும் காப்பாத்தும்.

ரெண்டாவது கேஸ். வெறும் சிஓடூ ஆழமா இறங்கும், தெறிப்பு அதிகம், கூட வோல்டேஜ் கேக்கும், 3 மி.மீ பிளேட்டுக்கு அருமை, 0.9 தகட்டுக்கு முரட்டு ஆள். ஆர்கான் 80, சிஓடூ 20 கலந்த சிலிண்டர் கேட்டு வாங்குங்க, விலை கூட தான், ஆனா ஆர்க் மெதுவா இருக்கும். 0.6 வயர் கிடைச்சா அதை போடுங்க, கிடைக்கலைன்னா 0.8லயே 40, 50 ஆம்ப், 15, 16 வோல்ட் சுத்தி ஸ்கிராப் தகட்டுல வச்சுப் பாத்து செட் பண்ணிக்கோங்க. கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் வயரை பாடி தகட்டுக்கு தயவு செஞ்சு தொடாதீங்க. ஸ்கிராப்ல அஞ்சு பாயிண்ட் வச்சு திருப்பிப் பாத்தா பின்னாடியும் முத்து மாதிரி லேசா இறங்கியிருக்கணும், அது தான் அளவு. மேல மட்டும் பொட்டு மாதிரி உக்காந்திருந்தா கிரைண்டிங் அடிச்சதும் விட்டுப் போயிடும்.

மூணாவது, ஆர்கான் வெல்டிங்ல, அதாவது ராடை கையால தனியா குடுக்குற டிக் வெல்டிங்ல, இதை செஞ்சா நெளியவே நெளியாதுன்னு சொல்லுவாங்க. அது சரியில்லை. நான் தினமும் அதை தான் பண்றேன், மெதுவா போறதால சூடு பரவுற அகலம் சில சமயம் சிஓடூவை விட அதிகமாவே இருக்கும். அதோட லாபம் வேற இடத்துல இருக்கு. சிஓடூ வெல்டு சட்டுன்னு ஆறி கட்டியா கடினமா இருக்கும், சுத்தி அடிச்சா விரியறதுக்கு அடம் பிடிக்கும், சில நேரம் கீறல் கூட விடும். ஆர்கான் வெல்டு மெத்துன்னு இருக்கும், ரெண்டு பக்கமும் மேடு கம்மி, டாலி வச்சு தட்டினா சொன்ன பேச்சு கேக்கும். இடைவெளியே இல்லாம ஒட்டி வச்சு கிட்டத்தட்ட ராடே குடுக்காம ஓட்டலாம். கையில இருக்கிறது சிஓடூ மெஷின் தான்னா பரவாயில்லை, பாயிண்ட் முறையில போனா நல்லா வரும். மெஷினை குறை சொல்ல வேண்டாம்.

பத்மினி87, கோயமுத்தூர்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. ஈரத்துணி விஷயத்தை படிச்சதும் தான் நான் என்ன செஞ்சிருக்கேன்னே புரிஞ்சுது, நல்லது பண்றேன்னு நினைச்சுட்டு கதவு பூரா சுருக்கிட்டு போயிருக்கேன். ஒரு சந்தேகம், பேட்ச்சை நான் தட்டை ஷீட்ல இருந்து அப்படியே வெட்டி வச்சேன், கதவும் அந்த இடத்துல தட்டையா தான் இருக்கு, அதுல தப்பு ஒண்ணும் இல்லைங்களே?

பஸ்பாடி, கரூர்

அங்கயும் தப்பு இருக்குங்க. கதவு தட்டைன்னு கண்ணு தான் சொல்லும். ஒரு நீள ஸ்கேலை கதவு மேல நட்டக்குத்தா வச்சுப் பாருங்க, நடுவுல தொடும், ரெண்டு ஓரத்துலயும் வெளிச்சம் தெரியும். எந்த கார் தகடா இருந்தாலும் லேசா ஒரு உப்பல் வச்சு தான் அழுத்தியிருப்பாங்க, அந்த உப்பல் தான் தகட்டுக்கு விறைப்பு. நீங்க அங்க சுத்த தட்டையா ஒரு துண்டை வச்சீங்கன்னா வெல்டிங்கே பண்ணலைன்னா கூட அது லொடலொடன்னு தான் நிக்கும், வெல்டிங் சுருக்கமும் சேந்தா கேக்கவே வேணாம்.

நல்லா இருக்கிற எதிர்ப்பக்க கதவுல அதே இடத்துல அட்டையை வச்சு வளைவை வெட்டி எடுத்துக்கோங்க, நீளத்துக்கு ஒண்ணு, உயரத்துக்கு ஒண்ணு. மணல் மூட்டை மேல பேட்ச்சை வச்சு மரச்சுத்தியால நடுவுல இருந்து சுத்தி சுத்தி லேசா தட்டினா உப்பல் வந்துடும், அப்புறம் டாலி மேல வச்சு மேடு பள்ளத்தை எடுத்துட்டு அட்டையை வச்சு சரி பாருங்க. ரெண்டு வழியிலயும் அட்டை உக்காந்த அப்புறம் தான் பேட்ச்சை கதவுல வச்சு கோடு போடணும், வெட்டிட்டு வளைச்சா அளவு மாறிடும்.

நாங்க பஸ்சுக்கு சைடு தகடு போடுறப்போ நேர் எதிரா ஒண்ணு பண்ணுவோம், இங்க சொல்லலாம்னு தோணுது. அது நிஜமாவே தட்டையான நீளமான தகடு, சும்மா வச்சு அடிச்சா அலை அலையா நிக்கும். அதனால ஒரு ஓரத்தை முதல்ல பிடிச்சுட்டு மறு ஓரத்தை ஜாக்கி வச்சு இழுத்தோ இல்லை தகட்டை காய வச்சு நீள விட்டோ அந்த நிலையிலயே பிரேம்ல வெல்டிங் வச்சுடுவோம். விட்டதும் சுருங்க பாக்கும், பிரேம் விடாது, மேளத் தோல் மாதிரி விறைப்பா நின்னுடும். அதே சுருக்கம் தான், அங்க அதை வேலைக்கு வச்சிருக்கோம். கார் கதவுல இதை பண்ணாதீங்க, அங்க பிடிச்சுக்க அந்த மாதிரி பிரேம் கிடையாது.

மைனர்கராச், யாழ்ப்பாணம்

வணக்கம் தம்பியவை. நான் யாழ்ப்பாணத்தில மொறிஸ் மைனர், ஒஸ்ரின் காருகள் தான் கூடுதலாச் செய்யிறனான். சண்டைக் காலத்தில இஞ்ச சாமான் ஒண்டும் வராது, பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில கார் ஓடின காலம், கதவு உக்கினால் புதுக்கதவுக்கு எங்க போறது, ட்ரம் தகரத்தை வெட்டித் தான் ஒட்டினது. அப்ப எங்களிட்ட இருந்தது காஸ் வெல்டிங் மட்டும் தான். ஐயா ஒராள் பழக்கினவர், அவர் செய்த மட்கார்ட் இண்டைக்கும் ஓடுது, அதில பட்டி எண்டதே இல்லை.

காஸ் எண்டால் சூடு கூட, நெளியும் எண்டு எல்லாரும் பயப்பிடீனம். நெளியும் தான், ஆனா அந்த ஒட்டு நல்ல மெதுவான ஒட்டு. நாங்கள் செய்யிறது என்னெண்டால், சின்ன நொசில் போட்டு ரெண்டு இஞ்சி ஒட்டிப்போட்டு ரோச்சைக் கீழ வைக்கிறது, சிவப்பு மங்கேக்கையே பின்னுக்கு டொலியைப் பிடிச்சு மேலால சுத்தியல் போடுறது. சூட்டோட போடேக்கை ரெண்டு மூண்டு அடியிலேயே விரிஞ்சு குடுக்கும். பிறகு முழுக்க ஆறினாப் பிறகு இன்னொருக்கா குளிர்ல தட்டோணும், ஏனெண்டால் ஆறேக்கை திரும்பவும் சுருங்கும். ரெண்டு பேர் நிண்டால் வேலை சுகம், ஒராள் ரோச், மற்றாள் டொலியும் சுத்தியலும். அந்த ஐயா ஒட்டின நேரத்தை விட கையால தடவிப் பார்த்த நேரம் தான் கூட, கண்ணை மூடிக்கொண்டு தடவுவார், கண் ஏமாத்தும் எண்டு சொல்லுவார். மெல்லிய பருத்தித் துணியைக் கையுக்கும் தகரத்துக்கும் நடுவில வைச்சுத் தடவிப் பாருங்கோ, மயிர் அளவு மேடு கூட விளங்கும்.

ஒண்டு மட்டும் கவனமா இருங்கோ. கதவுக்குள்ள, பூட் (டிக்கி) உள்ளுக்க தார் பூசியிருப்பினம், சத்தம் வராமல். வெல்டிங் பொறி பட்டால் உள்ளுக்க புகைஞ்சு புகைஞ்சு நீங்கள் வீட்டை போனாப் பிறகு பத்தும். முழுக்கச் சுரண்டி எடுத்துப்போட்டுத் தான் தொடங்கோணும், பக்கத்தில ஒரு வாளி தண்ணியும் நனைச்ச சாக்கும் இருக்கோணும், வேலை முடிஞ்சு அரை மணித்தியாலம் கார் பக்கத்திலேயே இருங்கோ. அப்பாவின்ர கார் எண்டு சொல்லுறியள், நல்லாச் செய்து ஓட்டுங்கோ.

ஹேட்ச்பேக், மதுரை

குறுக்க வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்க. எனக்கும் இதே வேலை தான், ஆனா 2019 மாடல் கார், ரன்னிங் போர்டு பக்கமும் நடு பில்லர் அடியிலயும் அடி பட்டிருக்கு. இதே டாலி சுத்தி முறையில வெட்டி ஒட்டலாமா?

டிங்கர்கடை, ஈரோடு

மதுரை தம்பி, வேண்டாம். பத்மினி தகடு சாதா மைல்டு ஸ்டீல், காய்ச்சினாலும் தட்டினாலும் தாங்கும். இப்ப வர்ற கார்ல பில்லர், ரன்னிங் போர்டு உள்ள எல்லாம் அதிக பலம் உள்ள ஸ்டீல் வருது, சிலதுல போரான் கலந்து சூட்டுலயே அழுத்தி எடுத்தது. அதை மறுபடி காய்ச்சினா அந்த பலம் போயிடும், வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது, நாளைக்கு ஒரு மோதல்னா உள்ள உக்காந்திருக்கிறவங்களை அது காப்பாத்தாது. எந்த இடத்துல வெட்டலாம், எந்த வெல்டிங் வைக்கலாம்னு கார் கம்பெனியே ரிப்பேர் முறை குடுத்திருப்பாங்க, அதை வச்சிருக்கிற இடத்துல குடுங்க. இதுல நான் காசு பாக்க மாட்டேன், என் கடைக்கு வந்தாலும் பில்லர் வேலையை திருப்பி அனுப்பிடுவேன்.

வெளித் தகடு, பெண்டர், கதவுத் தோல் மட்டும்னா செய்யலாம், ஆனா அது 0.7 தான் இருக்கும், இன்னும் பொறுமை வேணும். மேல துத்தநாகப் பூச்சு இருக்கும், வெல்டிங் கோட்டுல ரெண்டு பக்கமும் அதை சுரண்டிட்டு காத்தோட்டமான இடத்துல செய்யுங்க, அந்த வெள்ளைப் புகையை இழுத்தா ராத்திரி குளிர் ஜுரம் வரும், எனக்கு வந்திருக்கு. பேட்டரி டெர்மினலையும் கழட்டிடுங்க.

பத்மினி87, கோயமுத்தூர்

மூணு வாரம் கழிச்சு வர்றேனுங்க, என்ன ஆச்சுன்னு சொல்லாம இருக்க முடியலை.

முதல் நாள் சாயந்திரம் கிரைண்டிங் அடிச்சு மட்டம் பண்ணவே போயிடுச்சு, உள்பக்கம் கை போகாத ஒரு நாலு இஞ்சுக்கு ஃபைலை வளைச்சு வச்சு தேய்ச்சேன். ரெண்டாவது நாள் மேல் கோட்டுல நடுவுல ஆரம்பிச்சு தட்டுனேன், ஒரு மணி நேரம் கணீர் கணீர்னு சத்தம் தான் வந்துச்சு, நெளிவு அப்படியே நின்னுச்சு. விட்டுடலாமான்னு தோணுச்சுங்க. ஈரோடு அண்ணன் உப்பின இடத்தை தொடாதீங்கன்னு எழுதுனதை மூணு தடவை திரும்ப படிச்சுட்டு தான் கையை கட்டிக்கிட்டேன். மூணாவது நாள் ரெண்டு பக்க கோட்டையும் முடிச்சுட்டு கீழ் கோட்டுல பாதி வந்தப்போ பேட்ச் பக்கம் ஒரு சத்தமும் இல்லாம உப்பல் தணிஞ்சு போயிருந்துச்சு, கட்டைவிரல்ல அமுக்கிப் பாத்தா டொப்புங்கலை. தனியா ஷெட்டுல நின்னுட்டு அம்மாவை கூப்பிட்டு காட்டுனேன்.

நான் டார்ச் வச்ச அஞ்சு புள்ளி தான் பாடா படுத்துச்சு. மூணு நல்லா விரிஞ்சு குடுத்துச்சு, கைப்பிடிக்கு கீழ இருக்கிற ரெண்டுல இன்னும் ஒரு மி.மீ போல பள்ளம் இருக்கு. அதுக்கு மேல தட்டினா விரிஞ்சு போயிடுமோன்னு நிறுத்திட்டேன், அந்த அளவுக்கு பட்டி போட்டுக்கறேன். யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன பருத்தித் துணியை வச்சு தடவிப் பாத்தேன், கண்ணுக்கு தெரியாத ரெண்டு மேடு கைக்கு தெரிஞ்சுது.

அப்புறம் இடது பக்க பின் பெண்டர். துரு இருந்தது உள்ளங்கை அளவு தான், ஆனா கோட்டை மேல மடிப்புக்கு ஒட்டி கொண்டு போக பேட்ச்சை ரெண்டு மடங்கு பெருசா வெட்டுனேன், மூலை எல்லாம் வளைவு. எதிர்ப்பக்கத்துல அட்டை வச்சு பாத்தா கரூர் அண்ணன் சொன்ன மாதிரியே 300 மி.மீக்கு 4 மி.மீ உப்பல் இருந்துச்சு, நான் இத்தனை வருசமா அதை தட்டைன்னே நினைச்சிருந்தேன். சிமெண்ட் சாக்குல மணல் கட்டி அது மேல தட்டி எடுத்தேன். கலப்பு கேஸ் மாத்தியாச்சு, பின்னாடி காப்பர் பட்டை, ஒரு பாயிண்ட் வச்சா மட்டம் பண்ணி ரெண்டு தட்டு தட்டி, கையை வச்சுப் பாத்துட்டு எதிர்ப்பக்கம். ரெண்டு முழு ஞாயித்துக்கிழமை போச்சு. முடிச்சதும் தூரத்துல டியூப் லைட்டை வச்சு அது தகட்டுல எப்படி விழுதுன்னு பாத்தேன், கோடு உடையாம நேரா ஓடுச்சு.

ஒரே ஒரு இடத்துல மூலை வளைவு பக்கம் 2 மி.மீ இடைவெளி விட்டிருந்தேன், அங்க ரொப்பறதுக்குள்ள ஓட்டை விழுந்து சூடு ஏறி லேசா இழுத்துக்கிச்சு, டாலி வச்சு எடுத்துட்டேன். பொருத்தறதுல அவசரப்பட்டா எங்க போய் நிக்கும்னு கை நேராவே பாத்துடுச்சு.

அடுத்து பூட் தரை. பெட்ரோல் டேங்கை கழட்டி வெளிய கொண்டு போய் வச்சாச்சு, தார் சுரண்டுற வேலை பாதி முடிஞ்சிருக்கு.

டிங்கர்கடை, ஈரோடு

ரொம்ப சந்தோசம் தம்பி. அந்த ரெண்டு பள்ளத்தை அப்படியே விட்டது தான் சரி. பட்டி போடறதுக்கு முன்னாடி கதவை ரெண்டு நாள் மதிய வெயில்ல நிறுத்தி சாயந்திரம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க, பாக்கி இறுக்கம் ஏதாச்சும் இருந்தா சூடு ஏறி எறங்குறப்போ டொப்புன்னு சொல்லிடும். உள்பக்கம் வெல்டிங் கோட்டுல பிரைமர் அடிச்சு அது மேல மெழுகு ஸ்பிரே அடிக்க மறக்காதீங்க, நீங்க கிரைண்டிங் அடிச்ச வெறும் இரும்பு மழைக்காலத்துல ஒரே வாரத்துல சிவந்துடும். பூட் தரையில நெளிவு வந்தாலும் மேல மேட் வந்து மறைச்சுடும், அங்க பாத்து பாத்து தட்ட வேண்டாம், தண்ணி புகாம மூடினா போதும். வலது பெண்டர் ஆரம்பிக்கும்போது கோடு போட்டு ஒரு போட்டோ போடுங்க, வெட்டறதுக்கு முன்னாடி பாத்து சொல்றேன்.